தந்தையின் தள்ளாட்டமும் மகனின் நகைப்பும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் வடபால் அமைந்தது கெப்பாலா பத்தாஸ். நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்து நகராக வளர்ந்த அவ்வட்டாரத்தின் வட எல்லையில் மூடா ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். வயலும் தோட்டமும் கலந்த அத்தகைய ஊர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் கலைநிகழ்ச்சி நடைபெறும் நாளில் மேடைக்குத் தவறாது வந்து சேரும் பாத்திரம் ஒன்று உண்டு. அவன்தான் குடிகாரன். நழுவும் கைலியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையில் வெறும் புட்டியை ஏந்தி, எதிரே இல்லாத ஒருவனோடு வழக்காடியபடி அவன் வருவான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவையில் சிரிப்பு வெடித்துவிடும்.

அந்தச் சிரிப்பின் நடுவே சிரிக்காத பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். எல்லாரையும்விட உரக்கச் சிரிக்கும் பிள்ளை ஒன்றும் இருக்கக்கூடும். சில வேளைகளில் குடிகாரன் வேடமிட்டு ஆடுவதே அந்தப் பிள்ளையாக இருந்துவிடும். 'அப்படியே நடித்துக் காட்டிவிட்டானே!' என்று வியந்து பரிசளிக்கும் பெரியோர், அவன் அந்தக் கலையை எங்கே பயின்றான் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தையின் தள்ளாட்டத்தைக் கண்டு மகன் நகைப்பது பண்பாகுமா? அந்நகைப்பை ஆசிரியர் கண்டிப்பதா, போற்றுவதா? எளிய வினாக்கள்போல் தோன்றினும் இவற்றுக்கு விடை எளிதன்று.

மலாயாத் தமிழர் வாழ்வில் குடியென்பது தனியொருவரின் குற்றமாக மட்டும் வந்து சேர்ந்ததில்லை. வெல்லெசுலி மாகாணம் என வழங்கிய இதே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கோயிலும் பள்ளியும்போலக் கள்ளுக்கடையும் தோட்ட வாழ்வின் ஓர் உறுப்பாயிற்று. காலையில் கொடுத்த கூலியை மாலையில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வாயில் அது என்பதை உணர்ந்தோர் தொழிலாளரிடையிலேயே எழுந்தனர். 1941-ஆம் ஆண்டு ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவழக்கு ஒழிய வேண்டும் என்ற கோரிக்கையின் பக்கத்திலேயே, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் நின்றது. மானமும் மதுவிலக்கும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை எண்ணத்தக்கது. போருக்குப்பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், மூடா ஆற்றுக்கு வடக்கே பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து காவல்துறையின் அடக்குமுறைக்கு ஆளாயிற்று.

இவ்வரலாறுகளில் பேசப்படுவோர் தொழிலாளர், தலைவர், துரைமார், காவலர் ஆகியோரே. சம்பள நாளன்று இரவு, வாசலில் கேட்கும் காலடி நேராக வருகிறதா, இடறி வருகிறதா என்று படுக்கையில் விழித்தபடி செவிகொடுத்த பிள்ளையைப் பற்றி எந்தக் கோரிக்கைப் பட்டியலும் பேசவில்லை.

இலக்கியமும் அப்பிள்ளையை அதிகம் கண்டுகொள்ளவில்லை. சங்கச் சான்றோர் கள்ளை இகழ்ந்தவரல்லர். அதியமானின் ஈகையை நினைந்து கையற்றுப் பாடிய ஒளவையார், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த திறத்தையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார். அம்மரபுக்கு மாறாக உறுதியாகக் குரல் எழுப்பியவர் வள்ளுவர். 'கள்ளுண்ணாமை' என்னும் 93-ஆம் அதிகாரத்தில் அவர் குடிப்பவனைச் சுற்றி நிற்கும் பலரின் முகங்களைக் காட்டுகிறார். பெற்ற தாயின் முகம் அவற்றுள் ஒன்று. மகன் செய்யும் எக்குற்றத்தையும் பொறுக்கும் அவளுக்கும் அவன் களிப்பு துன்பம் தருவதாகும். நாண் என்னும் நல்லாள் குடிப்பவனுக்கு முதுகு காட்டிப் போகிறாள். மறைவாகக் குடித்தவனின் மறையை அறிந்து ஊரார் நகைக்கிறார்கள். தாய், நாண், ஊர் என்னும் இம்மூவரையும் காட்டிய அவ்வதிகாரத்தில், குடிப்பவனின் பிள்ளை தனியே தோன்றவில்லை. ஊரார் நகைக்கும்போது பிள்ளை என்ன செய்யும்? அதற்கான விடையைத் தன் வாழ்வால் எழுதியவர் அயர்லாந்து நாட்டில் பிறந்த நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர்.

அவரே பெர்னார்ட் ஷா. 1856-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்து, 1925-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்று, 1950-ஆம் ஆண்டு தமது 94-ஆம் அகவையில் மறைந்த அவரை உலகம் சிரிக்கச் செய்தவராகவே அறியும். அவர் சிரிக்கக் கற்ற இடம் எது என்பதை அவரே எழுதியிருக்கிறார். இளமையில் எழுதி எந்தப் பதிப்பகமும் ஏற்காமல் கிடந்த 'இம்மெச்சூரிட்டி' என்னும் முதல் நாவல் 1930-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அதற்கு நெடிய முன்னுரை ஒன்றை இணைத்தார். நாவலைவிட அம்முன்னுரையே பெரிதும் பேசப்படுகிறது. அதில் தம் தந்தையின் குடியைப் பற்றி அவர் ஒளிவுமறைவின்றிப் பேசினார்.

தந்தை ஜார்ஜ் கார் ஷா தானிய வணிகர். நல்ல குடும்பத்தில் பிறந்தவர். எவர்க்கும் தீங்கு எண்ணாதவர். இவற்றோடு அவர் மதுவிலக்குக் கொள்கையர் என்பதுதான் வியப்பு. திருமணத்துக்கு முன்னர் அவருடைய குடியைப் பற்றி யாரோ எச்சரிக்க, மணமகள் நேரில் கேட்டாள். தாம் வாழ்நாள் முழுவதும் மதுவைத் தீண்டாத உறுதியாளர் என்று அவர் சொன்னார்; அவள் நம்பினாள். மணம் முடிந்து லிவர்ப்பூலில் தங்கியிருந்தபோது அலமாரியைத் திறந்தவள் அதனுள் வெறும் புட்டிகள் நிறைந்திருக்கக் கண்டாள். எப்படியாவது கப்பலில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து தப்பிவிடலாம் என்று துறைமுகத்துக்கு ஓடி, அங்கிருந்த முரடர்களைக் கண்டு அஞ்சித் திரும்பிவந்தாள் என்று அந்நிகழ்ச்சியை மகன் வரைகிறார். படிப்போர்க்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின் நெஞ்சம் கனக்கிறது.

அவர் பொய்யரும் அல்லர் என்பதே மகனின் முடிவு. மதுவின் கேட்டை அவர் உளமார நம்பினார், ஆயினும் குடித்தார். நண்பரோடு கூடிக் களித்துக் குடிக்கும் இயல்பும் அவருக்கில்லை. தனியே குடித்து, தனியே நாணி, தனியே வருந்தும் துன்பக் குடி அவருடையது. கொள்கைக்கும் கைக்கும் இடையே இத்தனை தொலைவு இருக்கக்கூடும் என்பது அந்நோயை அருகிருந்து காணாதார்க்கு விளங்காது. உறவினர் விருந்துக்கு அழைத்தால் அவர் போதையோடு போவார். மேலும் போதையேறித் திரும்புவார். ஆகவே அழைப்புகள் குறைந்து, பின் அறவே நின்றன. தந்தையின் குடி வீட்டின் வாயிற்கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டது.

மகன் இதை அறிந்துகொண்ட இரவு ஒன்று உண்டு. சிறுவனைத் தந்தை உலாவ அழைத்துச் சென்றார். வழியில் நம்பவொண்ணாத ஓர் ஐயம் பிள்ளையின் உள்ளத்தில் எழுந்தது. வீடு திரும்பியதும் தாயின் அருகே சென்று, 'அப்பா குடித்திருக்கிறார் போலும்' என்னும் பொருள்பட மெல்லக் கிசுகிசுத்தான். தாய் வெறுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் குடிக்காத நாளும் உண்டோ என்ற கருத்தில் ஒரு சொல் சொன்னாள். அன்று முதல் எதையும் நம்பும் இயல்பு தம்மை விட்டுப் போயிற்று என்று ஷா எழுதுகிறார். தந்தை குடித்தமை ஒரு காயம். அதுவரை தெய்வமாக இருந்தவரைப் பற்றிய உண்மை வீட்டாரெல்லாரும் அறிந்த பழஞ்செய்தி என்பது இரண்டாவது காயம். இரண்டாவதே ஆழமானது.

இனி, பெரிதும் மேற்கோளாகக் காட்டப்படும் காட்சி. டப்ளினுக்கு அருகே டால்க்கி என்னும் கடற்கரையூரில் அவர்களுக்கு ஒரு சிறு வீடு இருந்தது. ஒருநாள் தந்தை ஏதோ விழா நாள் என்ற மயக்கத்தில், சரியாகப் பொதியப்படாத வாத்து ஒன்றை ஓர் அக்குளிலும், பன்றித்தொடை இறைச்சியை மற்றோர் அக்குளிலும் இடுக்கிக்கொண்டு வந்தார். தோட்டத்து மதிலைக் கதவென எண்ணித் தலையால் முட்டித் தள்ளத் தொடங்கினார். மதில் அசையவில்லை; தலையிலிருந்த நெடுந்தொப்பிதான் ஆர்மோனியத் துருத்திபோல மடிந்து நசுங்கியது. அதைக் கண்ட மகன் விழுந்து விழுந்து சிரித்தான். தாய்மாமனும் சேர்ந்து சிரித்தார். தந்தையைத் தாங்கி அழைத்துவர இயலாத அளவுக்குச் சிரிப்பு அவனை ஆட்கொண்டது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மகனுக்குத் தகாத செயல். ஆனால் ஷா தரும் விளக்கம் வேறு. தந்தையின் குடி தாங்கவொண்ணாத இழிவாக வந்து கவிந்தபோது, சிரிப்பில் அடைக்கலம் புகாதிருந்தால் குடும்பம் அதைத் தாங்கியிராது என்பது அவர் கருத்து. அழுதால் நாள்தோறும் அழ வேண்டும். சினந்தால் நாள்தோறும் சினக்க வேண்டும். சிரிப்பு ஒன்றுதான் மறுநாள் காலையில் அதே தந்தையோடு அதே மேசையில் அமர்ந்து உண்ண இடம் கொடுத்தது.

இங்குத் தொல்காப்பியரை நினைவுகூர்தல் தமிழாசிரியர்க்கு இன்பம் தரும். மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை அடுக்கும் அவர், நகையை முதலிலும் அழுகையை அதன் அருகிலும் இளிவரலை அதனையடுத்தும் வைத்தார். நகை பிறக்கும் நான்கு களன்களுள் எள்ளல் முதலாவது. உரையாசிரியர் பேராசிரியர் அவ்வெள்ளலை இரண்டாகப் பகுப்பார்: பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவது மற்றொன்று. அவையில் இருந்து குடிகாரனைப் பார்த்துச் சிரிப்பவர் நகை முதல்வகை. குடிகாரனின் பிள்ளை நகை இரண்டாம் வகை. மேலும், அழுகைக்குரிய களன்களுள் முதலாவதாகத் தொல்காப்பியர் கூறுவது இளிவு. அதாவது பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல். டால்க்கி வீட்டு மதிலருகே கேட்ட சிரிப்பு, அழுகையின் ஊற்றிலிருந்து நகையின் வாய்க்காலில் பாய்ந்த நீர். இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டமைக்கு இதுபோன்ற வாழ்க்கை விளக்கம் கிடைப்பது அரிது.

நகைச்சுவை என்னும் செல்வமும் அதே தந்தையிடமிருந்து வந்ததுதான். வணிகத்தில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் நொடித்துப்போக, கூட்டாளி கண்ணீர் விட்டு நின்றார். ஷாவின் தந்தைக்கோ அவ்வழிவின் முழுமை அடக்கவியலாத சிரிப்பை மூட்டியது. கிடங்கின் மூலைக்கு விரைந்து ஒளிந்து, களைக்கும்வரை சிரித்துத் தீர்த்தார் என்கிறார் மகன். துன்பம் உச்சமுறும்போது அதன் மறுபுறத்தைக் காணும் கண் தந்தைக்கு இருந்தது. அக்கண்ணையே மகன் பெற்றான். அதைக் கொண்டு முதலில் கண்டதும் அத்தந்தையைத்தான்.

ஆயினும் சிரிப்புக்கும் விலை உண்டு. எதையும் நம்பாத இயல்பு ஒரு நாடகாசிரியனுக்கு உதவலாம். ஒரு பிள்ளைக்கு உதவாது. 1873-ஆம் ஆண்டு தாய் இலண்டனுக்குப் பெயர்ந்தார். மகன் 1876-ஆம் ஆண்டு பின்தொடர்ந்தார். இதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வலிப்பு கண்டு விழுந்த தந்தை, அச்சமுற்றுக் குடியை அறவே விட்டிருந்தார். ஆனால் சிதறிய குடும்பத்தை ஒன்றுசேர்க்க அது பிந்திப்போயிற்று. டப்ளினில் தனியே வாழ்ந்து, இலண்டனிலிருந்த குடும்பத்துக்கு வாரம் ஒரு பவுன் அனுப்பிக்கொண்டிருந்த அவர் 1885-ஆம் ஆண்டு காலமானார். மகன் மதுவை வாழ்நாள் முழுதும் தொடவில்லை. தந்தை கொள்கையளவில் மட்டும் கடைப்பிடித்ததை மகன் செயலிலும் கடைப்பிடித்தார் எனலாம்.

பின்னாளில் ஷா தம் சிரிப்பின் முகத்தைத் திருப்பினார் என்பதே அவர் வாழ்விலிருந்து பெறத்தக்க பெரும் பாடம். 1905-ஆம் ஆண்டு அரங்கேறிய 'மேஜர் பார்பரா' நாடகத்தில், ஏழைக் குடியரை மீட்கும் இரட்சணிய சேனை பணமின்றித் தவிக்கிறது. போட்ஜர் என்னும் விஸ்கி உற்பத்தியாளர் ஐயாயிரம் பவுன் நன்கொடை தர முன்வருகிறார். குடியைக் கெடுக்கும் பணத்தாலேயே குடியரை மீட்கலாமா என்று பார்பரா அதிர்ந்து நிற்கிறாள். இங்கு நகைக்கப்படுபவன் தள்ளாடும் ஏழையல்லன். புட்டியையும் விற்று, புண்ணியத்தையும் வாங்கிக்கொள்ளும் செல்வன். மலாயாத் தோட்டங்களிலும் கள்ளுக்கடை வருவாயில் ஒரு பகுதியைத் தொழிலாளர் நலனுக்கெனச் செலவிடும் ஏற்பாடு இருந்தது என்பதை அறிந்தார்க்கு, அந்நாடகம் அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது. மதிலை முட்டிய தந்தையைப் பார்த்துச் சிரித்த சிறுவன், வளர்ந்தபின் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டான்.

இதே துயரைப் பேசாப்படங்களில் பேசியவர் சார்லி சாப்ளின். இசையரங்குப் பாடகரான அவர் தந்தை 1901-ஆம் ஆண்டு, நாற்பது அகவையும் நிரம்பாமல் குடியால் மாண்டார். அரங்குகளிலேயே மதுக்கூடங்கள் இருந்தன. பாடி முடித்த கலைஞர் பார்வையாளரோடு அமர்ந்து குடிப்பதே அக்கால வழக்கம். 1964-ஆம் ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில், மதுக்கடை ஒன்றின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது தந்தை அழைத்து அணைத்து முத்தமிட்டதையும், அதுவே தாம் அவரை உயிரோடு கண்ட கடைசி முறை என்பதையும் சாப்ளின் பதிவுசெய்தார். இளமையில் அவருக்குப் புகழ் தேடித் தந்த மேடைப் பாத்திரம் குடிகாரன். 1931-ஆம் ஆண்டு வெளிவந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில், போதையில் நாடோடியை உயிர்த்தோழனாகத் தழுவும் செல்வன், தெளிந்ததும் அவனை யாரென்றே அறியாமல் துரத்துகிறான். ஒரே மனிதரின் இரு முகங்களுக்கிடையே வளர்ந்த பிள்ளையின் கண் அக்காட்சியில் ஒளிந்திருக்கிறது என்று எண்ண இடமுண்டு.

தமிழ் நகைச்சுவையும் மதுவைச் சும்மா விட்டதில்லை. திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி நடத்திய 'விமோசனம்' மதுவிலக்கு இதழில் கல்கி தம் எழுத்துத் திறத்தை ஈந்தார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அண்ணாவின் கதையில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' 1949-ஆம் ஆண்டு அதே அறத்தைத் திரையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. இவை ஊருக்கு உரைத்த நகைச்சுவைகள். அவற்றின் பயன் பெரிது. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை பேசும் நகைச்சுவைக்குத் தமிழில் இன்னும் இடம் மிகுதியாகவே காலியாக இருக்கிறது. தந்தையைப் பற்றிப் பேசுவது குடும்ப மானத்தைக் குலைப்பதாகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஷா தந்தையை இழிவுபடுத்தவில்லை. மறைக்கவியலாத குடும்ப இழிவை அம்பலத்தில் ஆடவிட்டு, அதன் அச்சுறுத்தும் ஆற்றலைப் பறித்தார்.

தோட்டக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மலிவான சம்சு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் கருதாமல் நோயாகவும் கருதும் அறிவு பரவியிருக்கிறது. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியிலிருந்து மீள விழைவோர் தமக்குள் கூடி அமைத்த இயக்கத்தின் வழியில், 1957-ஆம் ஆண்டு முதல் அத்தகையோரின் இளம்பிள்ளைகளுக்கெனத் தனி அமைப்பும் இயங்கிவருகிறது. தந்தையின் குடிக்குப் பிள்ளை காரணமன்று; அதைத் திருத்தும் பொறுப்பும் பிள்ளையின் தோளில் இல்லை என்பதே அங்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். இப்பாடத்துக்குப் பெரிய நிலையம் தேவையில்லை. வகுப்பறையே போதும்.

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் 'என் தந்தை' என்பதும் ஒன்று. நல்லவர், உழைப்பாளி, அன்பானவர் என்னும் மூன்று சொற்களோடு நாற்பது ஏடுகளும் ஒன்றுபோல் வந்து சேரும். அவற்றுள் ஓர் ஏடு, இரவெல்லாம் வாசலைப் பார்த்துக் காத்திருந்த பிள்ளை பகலில் மனப்பாடமாக எழுதியதாக இருக்கலாம். அது பொய்யென்று சிவப்பு மையால் எழுத வேண்டுவதில்லை. மெய்யை எழுதினாலும் மதிப்பெண் குறையாது, மானமும் குறையாது என்ற நம்பிக்கை அப்பிள்ளைக்கு ஏற்பட்டால் போதும்.

அவ்வாறே, கெப்பாலா பத்தாசிலோ வேறெங்கோ ஒரு பள்ளி மேடையில் சிறுவன் ஒருவன் குடிகாரனாகத் தள்ளாடி அவையைச் சிரிக்கவைக்கும்போது, ஆசிரியரும் சிரிக்கலாம். அச்சிரிப்பு அவன் ஈட்டியது. ஆனால் திரை விழுந்தபின், ஒப்பனையைக் கலைத்துக்கொண்டு தனியே நிற்கும் அவனருகே சென்று ஒருகணம் நிற்பதும் ஆசிரியரின் கடமையாகும். வினா எதுவும் வேண்டா. தோளில் ஒரு கை போதும். அவன் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். எழுத விரும்பினால் எழுதட்டும். எழுதும்போது, நசுங்கிய தொப்பியும் அதில் இருக்கட்டும். மயக்கத்திலும் வீட்டாரை நினைந்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த வாத்தும் இருக்கட்டும். இரண்டும் ஒரே தந்தையினுடையவை.